மின்னஞ்சலில் நம்பகப் பட்டியல்: பலரை ஒருமிக்கச் சேர்க்கும் முறை



தோட்டத்து அலுவலகத்தின் முன்கட்டில் முன்னாளில் ஒரு மரப்பெட்டி இருந்ததை உங்களுள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டணத்திலிருந்து வரும் கடிதக் கட்டைக் கிராணியார் பிரித்து அடுக்குவார். பெயரும் லயத்து எண்ணும் தெளிவாக இருந்தால் கடிதம் உரியவரிடம் சேரும். எவருடையது என்று விளங்காதவை அப்பெட்டிக்குள் விழும். சம்பள நாளன்று எவரேனும் எட்டிப் பார்த்தால் உண்டு. இல்லையேல் அங்கேயே கிடக்கும். நான் சிறுவனாக இருந்தபோது என் தாய்மாமனின் திருமண அழைப்பிதழ் இரண்டு மாதங்கள் அந்தப் பெட்டியில் கிடந்தது. திருமணம் முடிந்து, மாமனுக்கும் என் தந்தையாருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, பேச்சு வார்த்தையும் நின்ற பின்னரே அது எங்கள் கைக்கு வந்தது.

இன்று கிராணியார் செய்த அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்று வரவுப் பெட்டி. மற்றொன்று 'ஸ்பாம்' அல்லது 'ஜங்க்' என்று திரையில் காணப்படும் குப்பைப் பெட்டி. எந்த மடல் எந்தப் பெட்டிக்குரியது என்று முடிவு செய்யும் ஏற்பாட்டை வடிகட்டி என்கிறோம். பயனற்ற விளம்பரங்களையும் மோசடி மடல்களையும் அது தடுத்து நிறுத்துகிறது. ஆயினும், அது தவறு செய்வதும் உண்டு. அத்தவறு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கும் என்பதை நான் நேரில் கண்டேன்.

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் சமூக மண்டபத்தில் கணினி வகுப்பு நடத்தச் சென்றிருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு தாயார் தம் மகளோடு வந்து நின்றார். "ஐயா, இவளோடு எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. இவளுக்கு மட்டும் வரவில்லை. படிக்கக் கொடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. கைத்தொலைபேசியை வாங்கிக் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பரிசுச் சீட்டில் பெருந்தொகை விழுந்ததாகக் கூறும் ஒரு பொய் மடலுக்கும், உடல் எடையைக் குறைக்கும் மருந்து விளம்பரம் ஒன்றுக்கும் நடுவே, பயிற்சிக் கல்லூரி ஒன்றின் நேர்முகத் தேர்வு அழைப்பு இருந்தது. அது வந்து 19 நாட்கள் ஆகியிருந்தன. நேர்முகத் தேர்வு முடிந்து 4 நாட்கள் ஆகியிருந்தன. கல்லூரியுடன் தொலைபேசியில் பேசிப் பார்த்தோம். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்படி கூறினார்கள். அப்பெண்ணுக்கு ஏறத்தாழ அரை ஆண்டு வீணாயிற்று.

இத்தகைய இழப்பைத் தடுக்க நமக்குத் தெரிந்த, நம்பத்தக்க முகவரிகளை முன்கூட்டியே வடிகட்டிக்கு அறிவித்துவிடலாம். அவ்வறிவிப்பே நம்பகப் பட்டியல் எனப்படுவது. ஒவ்வொருவராகச் சேர்க்கப் புகுந்தால் பாதியில் சலிப்புத் தட்டிவிடும். ஆகவே, பலரை ஒருமிக்கச் சேர்க்கும் வழியையே இப்பாடத்தில் காண்போம். அதற்கு முன், வடிகட்டி எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. அதனை அறியாமல் பட்டியல் போடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

மடலுக்கு மதிப்பெண்

கேளாமலே பலருக்கு ஒருங்கே அனுப்பப்பட்ட முதல் விற்பனை மடல் 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அமெரிக்காவில் அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரியான கேரி துவர்க், அக்காலத்து 'அர்ப்பாநெட்' வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனத்தின் புதிய கணினியைக் காண வருமாறு அழைப்பு விடுத்தார். பலர் சினந்தனர். 'ஸ்பாம்' என்ற பெயர் பின்னர் வந்தது. அது தகரக் குவளையில் அடைத்து விற்கப்படும் பன்றியிறைச்சியின் பெயர். 1970இல் ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவுக் கடையில் எதைக் கேட்டாலும் அவ்விறைச்சியும் சேர்ந்தே வரும். வேண்டாமென்றாலும் வந்து சேரும் மடலுக்கு அப்பெயர் பொருத்தமாயிற்று.

வடிகட்டிகளுள் பல, மடலுக்கு மதிப்பெண் இடுகின்றன. 2001இல் தோன்றி இன்றும் பல சேவைக் கணினிகளில் இயங்கிவரும் 'ஸ்பாம் அசாசின்' என்ற வடிகட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மடலின் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கிறதா? மறைமுகமான இணைப்புகள் உள்ளனவா? அனுப்பிய கணினி ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்ததா? இவ்வாறு நூற்றுக்கணக்கான சோதனைகளை அது நடத்துகிறது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு மதிப்பெண் சேரும். மொத்தம் 5 ஆகிவிட்டால் அம்மடல் குப்பை என்பது அதன் இயல்பான அளவுகோல். பள்ளியில் மதிப்பெண் கூடினால் தேர்ச்சி; இங்கே மதிப்பெண் கூடினால் வெளியேற்றம்!

கல்லூரியின் அழைப்பு ஏன் குப்பைக்குள் விழுந்தது என்பது இப்பொழுது விளங்கும். ஒரே நேரத்தில் பல நூறு பேருக்கு அது அனுப்பப்பட்டிருக்கும். இணைப்புகளும் கோப்புகளும் அதில் இருந்தன. அக்கல்லூரிக்கு அப்பெண் அதற்கு முன் ஒரு மடலும் எழுதியதில்லை. இயந்திரத்தின் கண்ணுக்கு விளம்பரக்காரனும் கல்லூரிப் பதிவாளரும் ஒரே சாயலில் தோன்றினர்.

நம்பகப் பட்டியலில் உள்ள ஒருவரிடமிருந்து மடல் வந்தால் இந்த வடிகட்டி என்ன செய்கிறது தெரியுமா? அவர் கணக்கிலிருந்து 100 மதிப்பெண்ணைக் கழித்துவிடுகிறது. ஐந்தே மதிப்பெண்ணில் குற்றவாளியாக்கும் இடத்தில் நூறு மதிப்பெண் சலுகை! அதன் பிறகு அம்மடலில் எத்தனை குறைகள் இருப்பினும் அது வரவுப் பெட்டிக்குள் வந்துவிடும். பட்டியலின் பயன் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே. (2022இல் வெளிவந்த இதன் நான்காம் பதிப்பில் 'வெள்ளைப் பட்டியல்' என்ற பொருளுடைய பழைய ஆங்கிலப் பெயரை விடுத்து 'வரவேற்புப் பட்டியல்' என்ற பொருளில் புதுப் பெயர் சூட்டியுள்ளனர். எனக்குப் புதுப் பெயரே பிடித்திருக்கிறது. வரவேற்கப்படுபவர் யாரென்று வீட்டுக்காரர் எண்ணிப் பார்ப்பார் அல்லவா?)

உறையின் பின்புறம் எழுதியவர் யார்?

கடித உறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம். ஈப்போவிலிருந்து அனுப்பிவிட்டுப் புத்ராஜெயா என்று எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லை. மின்னஞ்சலும் அவ்வாறே அமைக்கப்பட்டது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் விதிமுறை, ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வாளர்கள் பயன்படுத்துவதற்காக எழுந்தது. அனுப்புநர் தம்மை யாரென்று கூறுகிறாரோ அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இக்குறையைப் போக்கப் பின்னர் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு நிறுவனத்தின் பெயரால் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் எவை என்று பறைசாற்றுவது எஸ்.பி.எஃப். மடலின் மேல் அரக்கு முத்திரை போன்ற மறைகுறியைப் பதிப்பது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாவிடில் மடலை என்ன செய்வது என்று நிறுவனமே முன்கூட்டி ஆணையிடுவது டி.எம்.ஏ.ஆர்.சி. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடித்தாக வேண்டும் என்று கூகுள் நிறுவனம் விதித்துள்ளது.

இது நமக்கு ஏன் என்று கேட்கலாம். கணினியில் ஜிமெயில் மடல் ஒன்றைத் திறந்து, அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால், 'மெயில்ட் பை', 'சைன்ட் பை' என்னும் இரண்டு வரிகள் தெரியும். முத்திரை இட்டவர் யாரென்பதை 'சைன்ட் பை' என்ற வரி காட்டும். ஒருவரை நம்பகப் பட்டியலில் சேர்க்குமுன் அவரிடமிருந்து ஏற்கெனவே வந்த மடலில் இவ்வரியைப் பார்த்துவிடுங்கள். அலுவலகத்தின் பெயர் மேலே பெரிதாக இருந்து, இவ்வரியில் தொடர்பில்லாத வேறொரு பெயர் இருந்தால், அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டறியும்வரை அம்முகவரியைச் சேர்க்க வேண்டாம்.

முதலில் தாளில் எழுதுக

கணினியைத் தொடுமுன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்கும்போது செக்ரோலில் உள்ள பெயரை மட்டுமே அழைப்பார்கள். பெயர் தவறினால் அன்றைய கூலியும் தவறும். அத்தகைய கவனத்தோடு இப்பட்டியலை எழுத வேண்டும். குடும்பத்துக்கு எவரிடமிருந்து மடல் வந்தாக வேண்டும் என்று எல்லோரும் கூடி எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பள்ளி, விண்ணப்பித்த கல்லூரிகள், ஊழியர் சேமநிதி வாரியம், சொக்சோ, வருமான வரி வாரியம், வங்கி, மகன் வேலை செய்யும் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனை, வெளியூரில் உள்ள உறவினர் எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் நேரே முழு முகவரியையும், அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

எங்கிருந்து கிடைத்தது என்பதே முக்கியம். அலுவலகத்திலிருந்து வந்த அச்சுக் கடிதத்தின் தலைப்பில் இருந்ததா? அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் இருந்ததா? நன்று. வாட்ஸ்அப் வழியாகப் பத்துக் கை மாறி வந்த செய்தியில் இருந்ததெனில் அது எழுதத் தக்கதன்று.

முகவரியைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. நம் வீட்டு முகவரியில் லயத்து எண் முதலிலும், தோட்டம் அடுத்தும், ஊர் அதன் பின்னும், மாநிலம் கடைசியிலும் வருகின்றன அல்லவா? மின்னஞ்சல் முகவரியும் அவ்வாறே சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. ஆகவே, அதனைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். மலேசிய அரசாங்க அலுவலகங்களின் முகவரி 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' என முடியும். அரசாங்க நிறுவனமல்லாதவர் அம்முடிவைப் பதிந்துகொள்ள இயலாது. கல்வி நிலையங்களுக்கு உரியது 'ஈடியு புள்ளி எம்ஒய்'. சேமநிதி வாரியத்தின் முகவரி 'கேடபிள்யூஎஸ்பி புள்ளி ஜிஓவி புள்ளி எம்ஒய்' என்பதாகும். அதனையே சிறு கோடிட்டு 'கேடபிள்யூஎஸ்பி-ஜிஓவி' என்று எழுதிக் கடைசியில் 'புள்ளி காம்' என்று முடித்திருந்தால்? இடமிருந்து வலமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பின்னிருந்து படிப்பவருக்கு இரண்டாவது முகவரிக்கு அரசாங்க முடிவு இல்லை என்பது உடனே புலப்படும். ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்துக்குப் பதில் 1 என்ற எண்ணும், 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதியோர் கண்ணுக்கு மட்டுமன்று, எனக்கும் இது பலமுறை ஏமாற்றம் தந்ததுண்டு.

பெரிய அலுவலகங்கள் ஒரே முகவரியிலிருந்து எழுதுவதில்லை. கட்டணப் பிரிவு ஒன்றிலிருந்தும், அறிவிப்புப் பிரிவு மற்றொன்றிலிருந்தும், பதில் எழுத இயலாத 'நோ ரிப்ளை' முகவரி வேறொன்றிலிருந்தும் மடல் வரும். அவற்றுக்கு '@' என்ற குறிக்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் எழுதிக்கொண்டால் அவ்வலுவலகத்தின் எல்லா முகவரிகளும் அடங்கும். சொந்தப் பெயரில் முகவரி வைத்துள்ள நிறுவனங்களுக்கே இச்சலுகை. 'ஜிமெயில் புள்ளி காம்', 'யாகூ புள்ளி காம்' போன்ற இலவசச் சேவைகளின் பெயரை இவ்வாறு முழுமையாக எழுதிவிட்டால், உலகிலுள்ள எவனும் உங்கள் வீட்டுக்குள் நடந்து வரலாம். உறவினருக்கும் நண்பருக்கும் அவரவருடைய முழு முகவரியையே எழுத வேண்டும்.

ஒருமிக்கச் சேர்த்தல்

இனிச் செய்முறையைக் காண்போம். நம் மக்களுள் பெரும்பாலோர் ஜிமெயில் பயன்படுத்துவதால் அதனை விரித்துரைக்கிறேன்.

இவ்வேலையைக் கைத்தொலைபேசிச் செயலியில் செய்ய வழியில்லை. கணினித் திரையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் கணினி இல்லாதவர் பொது நூலகத்துக்கோ, முன்னர் 'பெடி' என்றும் இப்பொழுது 'நாடி' என்றும் வழங்கும் அரசாங்க இணைய மையத்துக்கோ செல்லலாம். ஒரு முறை செய்தால் போதும். அதன் பயன் கைத்தொலைபேசியிலும் கிடைக்கும். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்.

முதலில் 'நோட்பேட்' என்னும் எழுதுபலகையைத் திறந்து, பயிற்சிப் புத்தகத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டச்சிடுங்கள். ஒரு முகவரிக்கும் அடுத்த முகவரிக்கும் இடையில் ஓர் இடைவெளி, 'ஓ', 'ஆர்' என்னும் இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், மீண்டும் ஓர் இடைவெளி. ஆங்கிலத்தில் அச்சொல் 'அல்லது' எனப் பொருள்படும். 'இவரிடமிருந்து வந்தாலோ, அல்லது இவரிடமிருந்து வந்தாலோ' என்று வடிகட்டிக்குச் சொல்கிறோம். சிறிய எழுத்தில் எழுதினால் வடிகட்டி அதனை இணைப்புச் சொல்லாகக் கொள்ளாது. என் வகுப்பில் பாதிப்பேர் தவறியது இவ்விடத்தில்தான்.

பின்னர் ஜிமெயில் திரையின் வலப்பக்க மேல்மூலையிலுள்ள பற்சக்கரப் படத்தைத் தொடுக. 'சீ ஆல் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்து, 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரசஸ்' என்ற பகுதிக்குச் செல்க. அங்கே 'கிரியேட் எ நியூ ஃபில்டர்' என்றிருக்கும். திறக்கும் படிவத்தில் 'ஃப்ரம்' என்ற முதற் கட்டத்தில் நோட்பேடிலிருந்து எடுத்த முழு வரியையும் ஒட்டுக. உடனே அடுத்த படிக்குப் பாயாமல், அருகிலுள்ள தேடும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இம்முகவரிகளிலிருந்து ஏற்கெனவே வந்துள்ள மடல்கள் தெரியும். எதிர்பாராத ஒருவருடைய மடல் அவற்றுள் தலைகாட்டினால் முகவரியில் எங்கோ பிழை உள்ளது என்று கொள்க. எல்லாம் சரியெனில் 'கிரியேட் ஃபில்டர்' பொத்தானை அழுத்தி, வரும் கட்டங்களுள் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' என்பதற்கு அடையாளமிட்டு, மீண்டும் அப்பொத்தானை அழுத்துக. 'ஒருபோதும் குப்பைக்கு அனுப்பாதே' என்பது அதன் பொருள். வேலை முடிந்தது.

முகவரிகள் மிகுதியாயின் ஒரே வரியில் திணிக்க வேண்டாம். மிக நீண்ட வரியைப் படிவம் ஏற்காது. கல்விக்கு ஒன்று, அரசாங்க அலுவலகங்களுக்கும் வங்கிக்கும் ஒன்று, உறவினருக்கும் சங்கத்துக்கும் ஒன்று எனப் பிரித்து மூன்று வடிகட்டிகளாக அமைப்பது நல்லது. பிற்காலத்தில் திருத்துவதும் எளிதாகும்.

'ஃப்ரம்' கட்டத்தில் வெறும் பெயரை எழுதுவோர் உண்டு. கல்லூரியின் பெயரை எழுதினால் போதாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். போதாது, தீங்கும் கூட. அக்கட்டம் முகவரியை மட்டுமன்றி அனுப்புநர் சூட்டிக்கொண்ட பெயரையும் பார்க்கும். அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. ஆகவே, முகவரியையே எழுதுக.

இவ்வடிகட்டி இனி வரும் மடல்களுக்குத்தான் காவல். ஏற்கெனவே குப்பைப் பெட்டிக்குள் கிடப்பவற்றை அது மீட்காது. அவற்றை நீங்களே திறந்து 'ரிப்போர்ட் நாட் ஸ்பாம்' என்று அறிவித்து வெளியே எடுக்க வேண்டும். ஜிமெயிலின் குப்பைப் பெட்டியில் ஒரு மடல் 30 நாட்கள் மட்டுமே இருக்கும். பின்னர் தானே அழிந்துவிடும். மேலே கூறிய பெண்ணின் அழைப்பு இன்னும் 11 நாட்களில் சுவடின்றி மறைந்திருக்கும். கல்லூரி அழைக்கவே இல்லை என்றுதான் அக்குடும்பம் வாழ்நாளெல்லாம் எண்ணியிருக்கும்.

கணினியே கிட்டாதவர் என்ன செய்வது? முகவரிகளைக் கைத்தொலைபேசியின் தொடர்பேட்டில் கூகுள் கணக்கின்கீழ் சேர்த்துவைக்கலாம். தொடர்பேட்டில் உள்ளவரின் மடலை வடிகட்டி பெரும்பாலும் தடுப்பதில்லை. எனினும், அது வடிகட்டிக்கு நாம் தரும் குறிப்பேயன்றிக் கட்டளையன்று.

அவுட்லுக் பயன்படுத்தும் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. கணினியில் நிறுவப்பட்ட பழைய அவுட்லுக்கில், 'ஜங்க்' என்ற பகுதியிலுள்ள 'ஜங்க் ஈமெயில் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், 'சேஃப் செண்டர்ஸ்' என்னும் பட்டியல் கிடைக்கும். அங்கே 'இம்போர்ட் ஃப்ரம் ஃபைல்' என்ற பொத்தான் இருக்கிறது. நோட்பேடில் ஒரு வரிக்கு ஒரு முகவரியாக எழுதிச் சேமித்த கோப்பைக் காட்டினால் நூறு முகவரிகளாயினும் ஒரே மூச்சில் ஏறிவிடும். இங்கே 'ஓஆர்' தேவையில்லை. இணையத்தில் இயங்கும் அவுட்லுக்கில் இவ்வசதி இல்லாததால் அமைப்புப் பகுதியிலுள்ள பட்டியலில் ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும்.

ஒருவர் செய்த வடிகட்டியை மற்றவருக்கும் தரலாம். ஜிமெயிலில் வடிகட்டிக்கு அருகே அடையாளமிட்டு 'எக்ஸ்போர்ட்' என்பதை அழுத்தினால் ஒரு கோப்பு உருவாகும். மற்றவர் தம் கணக்கில் 'இம்போர்ட் ஃபில்டர்ஸ்' வழியாக அதனை ஏற்றிக்கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், பள்ளி முகவரிகளைக் கொண்ட ஒரு கோப்பைச் செய்து எல்லாப் பெற்றோருக்கும் வழங்கினால் அரிய தொண்டாக இருக்கும். ஆனால், அறியாதவர் தரும் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். குறிப்பிட்ட மடல்களை வந்தவுடன் அழித்துவிடும் கட்டளையும் அதனுள் இருக்கக்கூடும். ஏற்றுமுன் திரையில் தோன்றும் வரிகளைப் படித்துப் பாருங்கள்.

பட்டியலில் உள்ளவரும் ஏமாற்றக்கூடும்

என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் தம் உறவினர் பதினைந்து பேரின் முகவரிகளைப் பட்டியலில் சேர்த்திருந்தார். அவர்களுள் ஒருவரின் கணக்கை எவனோ திருடிவிட்டான். 'மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே 800 வெள்ளி அனுப்புக' என்று ஒரு மடல் வந்தது. முகவரி உண்மையானது. முத்திரையும் உண்மையானது. எழுதியவன் மட்டும் வேறு. வடிகட்டி அதனை ஐயுற்றது. ஆனால் 'ஒருபோதும் தடுக்காதே' என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உள்ளே விட்டது. 'நீங்கள் உருவாக்கிய வடிகட்டியின் காரணமாக இம்மடல் குப்பைக்கு அனுப்பப்படவில்லை' என்ற ஆங்கில அறிவிப்பை மடலின் தலையில் காட்டவும் செய்தது. நண்பர் அதனைப் படிக்கவில்லை. அண்ணனாயிற்றே என்ற பதற்றத்தில் பணத்தை அனுப்பிவிட்டார்.

அவ்வறிவிப்பைக் கண்டால் நின்று படியுங்கள். வழக்கமாக அது ஓர் அப்பாவி மடலின் மேல் இருக்கும். ஆனால், பணம், கடவுச்சொல், அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கேட்கும் மடலின் மேல் இருந்தால், எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் குரலைக் கேட்ட பிறகே மேற்கொண்டு செய்யுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாளைக் கடத்தாமல், உடனே வங்கிக்கும், 2022 முதல் இயங்கிவரும் தேசிய மோசடித் தடுப்பு நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் நிறுத்துவதற்கு நேரமே முதற்பொருள்.

உங்கள் சொந்த முகவரியைப் பட்டியலில் எழுதாதீர்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், உங்கள் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்களுக்கே எழுதுவது மோசடிக்காரர்களின் பழைய தந்திரம். 'உன் கணினியைப் பிடித்துவிட்டேன்' என்று மிரட்டும் மடல்கள் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றன.

முதலிற்குறிப்பிட்ட தோட்டத்துக்கு மறுமாதம் நான் மீண்டும் சென்றபோது, அப்பெண் பயிற்சிப் புத்தகத்தில் 23 முகவரிகளை அழகாக எழுதிவைத்திருந்தாள். இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பின்னிருந்து படித்தோம். கல்வி உதவித்தொகை தருவதாகக் கூறும் இரண்டு முகவரிகள் இலவசச் சேவையில் தொடங்கப்பட்டவை; வாட்ஸ்அப்பில் வந்தவை. அவற்றை அடித்தோம். துணிக்கடை விளம்பரங்கள் மூன்று இருந்தன. அவை குப்பைக்குப் போனாலும் நட்டமில்லை என்று தாயாரே சொல்லிவிட்டார். எஞ்சிய 18 முகவரிகளும் மூன்று வடிகட்டிகளாக ஏறின. ஏற்றி முடிக்க இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. சரிபார்ப்பதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஞாயிறுதோறும் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒன்று. பட்டியலில் இல்லாத புதியவர் எவரேனும் எழுதியிருக்கலாம் அல்லவா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் படித்து, படிப்பு முடிந்த கல்லூரி, வேலையை விட்ட தொழிற்சாலை, கைவிடப்பட்ட முகவரி ஆகியவற்றை அடிப்பது மற்றொன்று. அதே 'ஃபில்டர்ஸ்' பகுதியில் வடிகட்டிக்கு நேரே உள்ள 'எடிட்' என்பதைத் தொட்டு, நீக்க வேண்டிய முகவரியையும் அதனை ஒட்டிய 'ஓஆர்' ஒன்றையும் அழித்துவிட்டுச் சேமித்தால் போதும். அந்த 'ஓஆர்' அங்கேயே கிடந்தால் மறுமுறை தேடும் பொத்தானை அழுத்தி, மற்ற முகவரிகள் சரிவர வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.